அழுத்திப் பிடித்தால் வருகிற ஹார்டு டிஸ்க்

கேள்வி: என் 1 டி.பி. போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் லேப்டாப்பில் சில நேரம் தெரிகிறது, சில நேரம் காணாமல் போகிறது. சின்ன ஃபைல்கள் காப்பி ஆகின்றன. பெரிய வீடியோ என்றால் பாதியில் நின்றுவிடுகிறது. கேபிளை லேசாக அழுத்திப் பிடித்தால் மறுபடி வருகிறது. டிஸ்க் போய்விட்டதா?

பதில்: அழுத்திப் பிடித்தால் வருகிறது என்பதுதான் முக்கியமான துப்பு. பெரும்பாலும் கேபிளிலோ கேபிள் செருகும் இடத்திலோதான் கோளாறு இருக்கும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் உள்ளே இருக்கும் ஃபைல்களும் கெடும். ஆகவே அடுத்த முறை டிஸ்க் தெரிந்தவுடன் அதில் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். சான்றிதழ்கள், குடும்பப் படங்களை முதலில் வெளியே எடுங்கள், வீடியோக்களைக் கடைசியாக. ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல் கொடுங்கள். ‘ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்’ கேட்டாலும் இப்போது வேண்டாம். அது பிழை தேடித் திருத்துவதற்காக டிஸ்க்கில் எழுதும் வேலை. நடுவில் இணைப்பு போனால் நிலைமை இன்னும் மோசமாகும்.

அடுத்தது கேபிள். டிஸ்க் பக்கம் தட்டையாக, இரண்டு பகுதியாக இருப்பது யூ.எஸ்.பி. 3.0 மைக்ரோ-பி முனை. அகலமான பகுதியில் மின்சாரமும் பழைய, மெதுவான யூ.எஸ்.பி. 2.0 இணைப்பும், குறுகிய பகுதியில் 3.0 வேகத்துக்கான கம்பிகளும் வருகின்றன. குறுகிய பகுதி மட்டும் தொடர்பு விட்டால் டிஸ்க் தெரியும், ஆனால் வேகம் நொடிக்கு 30–40 எம்.பி.க்கு இறங்கிவிடும். அகலமான பகுதி ஆடினால் மின்சாரமே அறுந்து டிஸ்க் மறைந்துவிடும். அரை மீட்டருக்கு மிகாத, கொஞ்சம் தடிமனான புது கேபிள் வாங்குங்கள். பழைய போன் சார்ஜர் கேபிளும் அந்த அகலப் பகுதியில் பொருந்தும், ஆனால் 2.0 வேகம்தான், மெல்லிய கம்பி என்றால் மின்னழுத்தமும் குறையும்.

மின்சாரத்தையும் பாருங்கள். 2.0 போர்ட் 500 மில்லியாம்பியர், 3.0 போர்ட் 900 மில்லியாம்பியர் தர வேண்டும் என்பது விதி. டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 1 ஆம்பியர் வரைகூட இழுக்கும். ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும், தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் அது தடுமாறுவதில் வியப்பில்லை. லேப்டாப்பின் 3.0 போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். டெஸ்க்டாப் என்றால் முன்பக்கம் வேண்டாம், பின்பக்கம் மதர்போர்டில் உள்ள போர்ட். சும்மா இருக்கும்போது மட்டும் டிஸ்க் மறைகிறது என்றால்தான் பவர் ஆப்ஷன்ஸில் ‘யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட்’ (சும்மா இருக்கும் போர்ட்டைத் தூங்கவைப்பது) வசதியை நிறுத்த வேண்டும். உங்களுக்குக் காப்பியின் நடுவில் போகிறது, ஆகவே அது காரணமாகத் தோன்றவில்லை.

டிஸ்க்கின் உடல்நிலையை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும். அதில் 05, சி5, சி6 வரிசைகள் கெட்ட செக்டர்களை, அதாவது டேட்டா பதியும் சிறு பகுதிகளில் பழுதானவற்றைக் கணக்கிடுபவை. அவற்றின் ‘ரா’ மதிப்பு (நேரடி எண்ணிக்கை) பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. சி5 கூடிக்கொண்டே போனால் டிஸ்க்கே தேய்கிறது. நடந்த கோளாறுகளைப் பதிந்துவைக்கும் விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் ‘சிஸ்டம்’ பகுதியையும் திறங்கள். ‘டிஸ்க்’ என்ற பெயரில் 157 என்ற எண் வந்தால் இணைப்பு திடீரென்று அறுந்தது என்று பொருள். 7 வந்தால் படிக்க முடியாத செக்டர். 157 மட்டுமே திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகம் கேபிள், செருகி, மின்சாரம் பக்கம்தான்.

டக், டக் என்று சீராக ஒலிக்கிறதா? மின்சாரம் போதாவிட்டாலும் இந்த ஒலி வரும். நல்ல கேபிளில், நல்ல போர்ட்டில் ஒரே ஒரு முறை சோதியுங்கள். அப்போதும் ஒலித்தால் உடனே கழற்றிவிட்டு டேட்டா மீட்பவர்களிடம் கொடுங்கள். ஒவ்வொரு முயற்சியும் உள்ளே சுழலும், டேட்டா பதிந்த தட்டைக் கீறக்கூடும்.

புது கேபிளிலும் ஆட்டினால்தான் வருகிறது என்றால் டிஸ்க் பக்கச் செருகியின் ஈயப் பற்று விட்டிருக்கும். போன் போர்டில் நுண்ணிய சால்டரிங் செய்பவர் இதைச் சரிசெய்துவிடுவார். ‘உள்ளே இருப்பதைக் கழற்றி வேறு கேஸில் போடலாம்’ என்று யாராவது சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். பல மாடல்களில் யூ.எஸ்.பி. செருகி டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், வேறு கேஸில் செருகத் தேவையான சாட்டா முனை அதில் கிடையாது. வேறு சிலவற்றில் கேஸில் உள்ள சிறு போர்டுதான் டேட்டாவைப் பூட்டித் திறக்கிறது. வேறு கேஸில் போட்டால் டிஸ்க் காலியாகத் தெரியும், ‘இனிஷியலைஸ்’ (புது டிஸ்க்காகத் தயார்செய்ய) கேட்கும். அதற்கு ஒத்துக்கொள்ளாமல் பழைய போர்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

எல்லாம் வெளியே எடுத்து, இணைப்பும் உறுதியான பிறகு ‘ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்’ ஓட்டுங்கள். பிறகு 20–30 ஜி.பி. ஒரே மூச்சில் காப்பி செய்து, நிற்காமல் முடிகிறதா என்று பாருங்கள்.