தெர்மாகோல் மலை உருகிவிட்டதா?

மாட்டுங்கா நண்பரே, உங்கள் மாடல் ரயில் அமைப்புக்காகச் செய்த தெர்மாகோல் மலை, ஸ்பிரே பெயின்ட் அடித்ததும் குழிகுழியாக உருகிவிட்டது என்கிறீர்கள். பெயின்டில் இருக்கும் கரைப்பான்தான் அதைத் தின்றிருக்கிறது. தூக்கிப் போடாதீர்கள், நீங்கள் செய்வது மும்பை-புனே ரயில் பாதையில் வரும் போர் காட் மலைச்சரிவு, அந்தக் குழிகளே பாறை மாதிரி நிற்கும். பழைய பேப்பரைக் கிழித்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலில் முக்கி இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். மும்பை மழைக்காலத்தில் காய நாளாகும், ஃபேனைப் போட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள், ஈரத்தோடு வண்ணம் பூசினால் உரியும். அப்புறம் தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் மட்டும், வேறு எதுவும் வேண்டாம். சுரங்க வாயை ஒட்டும் முன் உங்களிடம் இருப்பதிலேயே நீளமான ரயில் பெட்டியை வளைவில் ஓட்டிப் பாருங்கள், அதன் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் தள்ளி வரும், உரசினால் இப்போதே அகலமாக்குவது சுலபம்.