ஜிப்ஸியில் 50-க்கு மேல் ஊளைச் சத்தம்: டிஃபரன்ஷியலை மாற்றியே ஆக வேண்டுமா?

காசை எடுத்து நீட்டும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். நீங்கள் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: மாருதி ஜிப்ஸியில் எம்ஜி413டபிள்யூ மாடல், 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் அடியில் ஊளை, ஆக்சிலரேட்டரை விட்டால் அடங்குகிறது, முதல் கியரில் கிளம்பும்போது ஒரு 'டங்'. மெக்கானிக் அடியில் படுத்துக்கூடப் பார்க்காமல் 'கிரவுன் பினியன் போச்சு' என்றிருக்கிறார்; பின் அச்சின் நடுவில் இரு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமும் (கிரவுன்) அதைச் சுழற்றும் சிறியதும் (பினியன்) என்று பொருள். போயிருக்கலாம். ஆனால் ஜிப்ஸியில் இதே சத்தம் போட நாலைந்து இடம் இருக்கிறது. காதால் கேட்டே தீர்ப்புச் சொல்லும் வண்டி இல்லை இது.

ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்தனுப்பும் பெட்டி) கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட், அப்புறம் தனியாக ரப்பர் மவுண்டில் தொங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதிலிருந்து முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. ஆக மூன்று ஷாஃப்ட். அதோடு, 2எச்-இல் (பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) ஓடும்போதுகூட இதில் சக்தி நேராகப் பின்னால் போவதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் 1.409 என்ற விகிதத்தில் பல் மாறித்தான் போகிறது (லோ ரேஞ்சில் 2.268). பல்லும் பல்லும் எந்நேரமும் கடித்துக்கொண்டே ஓடுவதால் கொஞ்சம் ஊளை ஜிப்ஸியின் பிறவிக் குணம். புதிதாக வாங்கியவர்கள் பாதிப் பேர் இதைக் கேட்டுத்தான் பயப்படுகிறார்கள். முன்பு இல்லாத சத்தம் இப்போது வருகிறதா, அல்லது இப்போதுதான் கவனிக்கிறீர்களா என்பதை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

டயரை முதலில் கழித்துவிடுங்கள். மட் டெர்ரெயின் டயர் போட்டிருந்தால் தார் ரோட்டில் ஒரு சத்தம், சிமெண்ட் ரோட்டில் ஒரு சத்தம், மண்ணில் மௌனம். டிஃபரன்ஷியலுக்கு ரோடு என்னவென்று தெரியாது. அடுத்தது வீல் பேரிங்: 40-இல் போய்க்கொண்டே ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் ஆட்டுங்கள். வலப்பக்கம் ஒடித்தால் பாரம் இடது சக்கரத்தில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் இடது பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் மாறாமல் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கும் சத்தம் டயர் அல்லது பேரிங்காகத்தான் பெரும்பாலும் இருக்கும். உங்களுடையது மிதிக்கும்போது மட்டும் வருகிறது என்பதால் பல் பக்கம் சந்தேகம் போவது நியாயம்தான். அதில் மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். எந்தப் பல் என்பதுதான் கேள்வி.

இனி ஜிப்ஸிக்கே உரிய சோதனைகள். வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்து, டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் போடுங்கள். கியர்பாக்ஸை நாலாவது கியரில் போட்டு கிளட்சை விட்டு, இன்ஜினை நிமிடத்துக்கு 2,500 சுற்று வரை ஏற்றுங்கள். வண்டி நகராது. கியர்பாக்ஸ், குட்டி ஷாஃப்ட், டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்பாதி மட்டும் சுற்றும். இரைச்சலோ அதிர்வோ இங்கேயே வந்தால் பின் டிஃபரன்ஷியல் நிரபராதி. ஆனால் பாரம் இல்லாமல் சுற்றுவதால் பேரிங் சத்தம் தெரியும், பல் ஊளை தெரியாமல் போகலாம். அதனால் இதில் தப்பினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் விடுதலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

முன்பக்கத்தைப் பிரிப்பது இன்னும் சுலபம். ஃப்ரீ வீல் ஹப் (முன்சக்கரத்தை அச்சோடு இணைக்கும், பிரிக்கும் பூட்டு) இரண்டையும் ஃப்ரீயில் வைத்து 2எச்-இல் ஓட்டினால் முன் ஷாஃப்டும் முன் கூடும் (டிஃபரன்ஷியல் இருக்கும் பெட்டி) சும்மா நிற்கும். அதே ரோட்டில் ஹப்பை லாக் செய்து, லீவரை 2எச்-இலேயே விட்டு ஓட்டுங்கள். இப்போது அவை பாரமில்லாமல் சுற்றும். புதிதாகச் சத்தம் சேர்ந்தால் அது முன்பக்கத்துச் சொத்து.

உங்கள் கேள்விக்கு நேரடி விடை தரும் சோதனை கடைசியானது. பின் ஷாஃப்டின் இரு முனை ஃபிளாஞ்சிலும் (போல்ட் போடும் தட்டு) பெயின்டால் கோடு போட்டுவிட்டு, போல்ட்டுகளைக் கழற்றி ஷாஃப்டை எடுத்துவிடுங்கள். ஹப்பை லாக் செய்து, 4எச்-இல் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு, நேரான மண் ரோட்டில் முன்சக்கர வண்டியாக மெதுவாக வேகம் ஏற்றி 50-ஐக் கொஞ்சம் தாண்டும் வரை ஓட்டுங்கள். ஊளை அப்படியே இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் அல்லது அதற்கு முன்னால். காணாமல் போனால் பின் ஷாஃப்ட் அல்லது பின் கூடு. ஹேண்ட் பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கும் வண்டியாக இருந்தால், ஷாஃப்டை எடுத்ததும் பின்சக்கரத்துக்கு ஹேண்ட் பிரேக் கிடையாது. கல் வைக்காமல் அடியில் படுக்காதீர்கள். 'இதெல்லாம் ஆபத்து, வொர்க்ஷாப்பில் விடு' என்று சிலர் சொல்வார்கள். விடுங்கள், ஆனால் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லி விடுங்கள்.

ஷாஃப்ட் கையில் இருக்கும்போதே கிராஸை, அதாவது ஷாஃப்டின் முனையை மடங்கவிடும் சிலுவை வடிவ இணைப்பை, பாருங்கள். அதைக் கவ்வியிருக்கும் யோக்கின் இரு பக்கத்தையும் பிடித்து எதிரெதிராகத் திருகினால் கொஞ்சம்கூட ஆடக் கூடாது. கப்பின் விளிம்பில் செங்கல் தூள் மாதிரிப் பழுப்பாகப் படிந்திருந்தால் உள்ளே ஊசி ரோலர் காய்ந்து துருப்பிடித்து அரைபடுகிறது. ஓடையில் இறங்கிவிட்டு வந்து கிரீஸ் அடிக்காத வண்டியில் இது சாதாரணம். நடு ஸ்ப்ளைனை (ஷாஃப்ட் நீண்டு சுருங்க விடும் பல் இணைப்பு) பிரித்து மாட்டும்போது இரு முனை யோக்கின் காதுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். மாறி மாட்டினால் புது கிராஸ் போட்டும் வண்டி உதறும்.

அந்த 'டங்' பெரும்பாலும் ஒரே இடத்தில் பிறப்பதில்லை. கிராஸில் கொஞ்சம், ஸ்ப்ளைனில் கொஞ்சம், கிரவுன் பினியன் இடைவெளியில் கொஞ்சம், டிரான்ஸ்ஃபர் கேஸின் ரப்பர் மவுண்ட் கிழிந்திருந்தால் அதுவே ஒரு குத்து. மவுண்டை முதலில் பாருங்கள், அதுதான் மலிவு. இன்னொன்று: தார் ரோட்டில் 4எச்-இல் திருப்பிவிட்டு 'டங் டங்' என்று புகார் சொல்வது. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி, முன்னும் பின்னும் முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும். அது பழுது இல்லை, பழக்கம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது மட்டும் முன்சக்கரத்தில் 'டக் டக்' என்றால் அங்கிருக்கும் சி.வி. ஜாயின்ட் (சக்கரம் திரும்பினாலும் சக்தியைக் கடத்தும் இணைப்பு). திருப்பத்தில் மட்டும் பின்னாலிருந்து கரகரத்தால் ஸ்பைடர் கியர், அதாவது டிஃபரன்ஷியலுக்குள் இரு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் சிறு பல். சேற்றில் ஒற்றைச் சக்கரத்தை நிமிடக்கணக்கில் சுற்றவிட்டவர்களுக்கு அது வரும். அந்தச் சிறு பல்லும் அது சுற்றும் தண்டும் அவ்வளவு வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல.

சரி, பின் கூடுதான் என்று முடிவானால் எண்ணெயை வெள்ளைத் தட்டில் வடியுங்கள். பின் கூட்டில் சுமார் ஒன்றரை லிட்டர், முன்னில் இரண்டு. காந்த டிரெய்ன் பிளக்கில் மை போன்ற சாம்பல் பசை இருந்தால் வயதுக்கேற்ற தேய்மானம். விரலில் நெருடும் செதில் இருந்தால் பேரிங்கோ பல்லோ உதிர்கிறது. பால் ஊற்றிய டீ நிறத்தில் வந்தால் தண்ணீர்: சூடான கூடு குளிர்ந்த ஓடையில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, அடைத்த பிரீதர் (கூட்டின் காற்றுத் துளை) வழி கொடுக்காததால் சீல் வழியாக நீரை உறிஞ்சியிருக்கிறது. பிரீதருக்கு ஒரு குழாய் மாட்டி உடம்புக்கு மேலே ஏற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். நூறு ரூபாய் வேலை, யாரும் செய்வதில்லை.

205/70 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் ஓடும். 60-இல் சக்கரம் நிமிடத்துக்கு 476 சுற்று, பினியன் கிட்டத்தட்ட நான்கு மடங்கு, 1,800-ஐ ஒட்டி. அதனால்தான் பினியன் பேரிங் கூர்மையாக 'ஈ' என்று இரைகிறது, கிரவுனைத் தாங்கும் சைடு பேரிங் 'உர்ர்' என்று தாழ்வாக உருள்கிறது. பினியன் ஃபிளாஞ்சைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆடவே கூடாது. சுழற்சியில் மட்டும் மெல்லிய இடைவெளி இருக்கலாம். இந்த அளவு கூடுகளில் பொதுவாக அது 0.10 முதல் 0.20 மி.மீ.; டயல் கேஜ் வைத்துத்தான் அளக்க முடியும், கட்டைவிரலால் முடியாது.

இங்கேதான் நல்ல கூடுகள் சாகின்றன. பினியன் சீல் கசிகிறது என்று கழற்றி, சீல் மாற்றி, நட்டைக் கம்பி போட்டு முறுக்கிவிடுவார்கள். உள்ளே நசுங்கும் ஸ்பேசர் அளவுக்கு மேல் நசுங்கி, பேரிங் இறுகி, சில ஆயிரம் கிலோமீட்டரில் நீலம் பாய்ந்துவிடும். புது ஸ்பேசர் போட்டு, சுழல் எதிர்ப்பை அளந்து இறுக்க வேண்டும். பிறகு பல்லில் செந்தூள் தடவிக் கடி பார்க்கச் சொல்லுங்கள். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். அடிப்பள்ளத்தில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே, நுனியில் விழுந்தால் அதிகம் வெளியே. கிரவுனும் பினியனும் ஜோடியாகப் பிறந்தவை. ஒன்றை மட்டும் வேறு வண்டியிலிருந்து எடுத்துப் போட்டால் ஊளை உத்தரவாதம்.

'140 எண்ணெய் (இன்னும் கெட்டியானது) ஊற்று, சத்தம் போய்விடும்' என்ற யோசனையும் வரும். சத்தத்தை மறைக்கக் கூட்டில் மரத்தூள் போட்டு வண்டி விற்ற காலத்திலிருந்து அதே வைத்தியம். கூட்டுக்கு ஜிஎல்-5 தர 80டபிள்யூ-90 எண்ணெய் போதும். அதே டிரம்மிலிருந்து கியர்பாக்ஸுக்கும் ஊற்றுவதை மட்டும் நின்று தடுங்கள். அதற்கு ஜிஎல்-4, இல்லாவிட்டால் கியர் வழுக்கி விழ உதவும் சின்க்ரோவின் பித்தளை நாளாவட்டத்தில் கெடும்.

புது ஜோடி போட்டால் முதல் நாள் இருபது கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி ஆறவிடுங்கள், இரண்டு மூன்று தடவை. முதல் 800 கிலோமீட்டர் வரை டிரெய்லர், மணல், சேறு எதுவும் வேண்டாம். அப்புறம் எண்ணெயை வடித்து மாற்றிவிட்டு அந்தக் காந்தப் பிளக்கை இன்னொரு முறை பாருங்கள்.