ஆப்கன் போரைத் தொடர்ந்திருக்க வேண்டுமா?

கேள்வி: அமெரிக்கா இன்னும் பத்து ஆண்டுகள் ஆப்கானிஸ்தானில் போரிட்டிருந்தால் தாலிபான்கள் அடியோடு ஒழிந்திருப்பார்கள். பாதியில் விட்டுவிட்டு வந்தது மதத் தீவிரவாதத்திடம் மண்டியிட்டதுதானே?
- வாசகர் ஒருவர், நாமக்கல்

பதில்: இருபது ஆண்டுகள் நடந்த போரைப் பாதி என்கிறீர்கள். 2011-இல் சுமார் ஒரு லட்சம் அமெரிக்கத் துருப்புகள் அங்கே இருந்தும் ஒழிக்க முடியாத இயக்கம் அது. தலைமையும் புகலிடமும் எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானில் இருந்தவரை, இந்தப் பக்கம் எத்தனை பேரைக் கொன்றாலும் அத்தனை பேர் புதிதாக வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

எதிர்த்து நின்ற எல்லோரும் மதத்துக்காகவே துப்பாக்கி எடுத்தவர்களும் அல்லர். குனார் மாகாணத்தின் கொரெங்கால் பள்ளத்தாக்கு மக்கள் தேவதாரு மரம் வெட்டி விற்றுப் பிழைத்தவர்கள். காபூல் அரசு மர வியாபாரத்துக்குத் தடை போட்டது. அமெரிக்க ராணுவமோ தன் முகாமை மர அறுவை ஆலை இருந்த இடத்திலேயே அமைத்தது. பிழைப்பு போன ஆத்திரமும், அந்நியர் மீதான வெறுப்பும், மதமும் அங்கே ஒன்றாகத் திரண்டன. நாற்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் அந்தச் சிறிய பள்ளத்தாக்கில் உயிரிழந்த பிறகு, 2010 ஏப்ரலில் முகாமைக் காலி செய்தார்கள். இன்னும் பத்து ஆண்டுகள் இருந்திருந்தால் இப்படி எத்தனை பள்ளத்தாக்குகள்?

போரைத் தொடர்வதா, படைகளைத் திரும்ப அழைப்பதா என்ற விவாதத்தில் 2010 பிப்ரவரியில் நெதர்லாந்தின் கூட்டணி அரசே கவிழ்ந்தது. அந்த அளவுக்கு அதைப் பொருட்படுத்திய நாடுகளையும் நான் மதிக்கிறேன். ஆனால் பேச வேண்டிய நேரத்தில் பேசாததுதான் பெருங்குற்றம். 2001 டிசம்பரில் காந்தஹாரில் தாலிபான் தலைவர்கள் ஆயுதத்தை ஒப்படைக்க முன்வந்தபோது, சமரசம் கூடாது என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் மறுத்தார். பலம் இருந்தபோது பேச மறுத்தவர்கள், அது கரைந்த பிறகு, 2020 பிப்ரவரியில் கத்தார் தலைநகர் தோஹாவில் ஆப்கன் அரசை வெளியே நிறுத்திவிட்டு அதே தாலிபானோடு கையெழுத்திட்டார்கள். 5,000 கைதிகள் வரை விடுவிக்கப்படுவார்கள் என்று காபூலின் சார்பில் வாக்கும் கொடுத்தார்கள். நீங்கள் சொல்லும் மண்டியிடல் நடந்தது அன்றுதான்.

ஆப்கன் படையினர் கோழைகள், அதனால்தான் 2021 ஆகஸ்டில் காபூல் விழுந்தது என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் போரில் அமெரிக்கா இழந்த வீரர்கள் சுமார் 2,400 பேர் என்றால், ஆப்கன் ராணுவத்திலும் காவல்துறையிலும் மடிந்தவர்கள் 60,000-க்கும் அதிகம். அவர்களுடைய விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் பழுதுபார்த்து வந்த வெளிநாட்டு ஒப்பந்தப் பணியாளர்கள் ஒரே மூச்சில் வெளியேற, சாலைத் தொடர்பு அறுந்த காவல் சாவடிகளுக்கு உணவும் தோட்டாவும் போய்ச் சேரவில்லை.

பெண்களுக்காகவாவது போரைத் தொடர்ந்திருக்கலாம் என்ற வாதம் ஒன்றே என்னைத் தயங்க வைக்கிறது. 2022 மார்ச் 23 அன்று பள்ளி திறக்கிறது என்று நம்பிப் புத்தகப்பையோடு வந்த மாணவிகள், சில மணி நேரத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்காக நாம் என்ன செய்தோம்? காபூல் விழுந்த சில நாள்களில், நம் நாட்டுக்கு வெளியே இருந்த ஆப்கானியர்களுக்கு ஏற்கெனவே வழங்கியிருந்த விசாக்கள் அனைத்தையும் இந்தியா ரத்து செய்தது. நம் கல்லூரிகளில் சேர்ந்திருந்து, கொரோனா காலத்தில் ஊர் சென்ற மாணவ மாணவியர் பலர் படிப்பைத் தொடர முடியாமல் சிக்கிக்கொண்டார்கள். அமெரிக்கா ஏன் பத்து ஆண்டுகள் கூடுதலாகப் போரிடவில்லை என்று கேட்கும் நீங்கள், அந்த மாணவிகளுக்கு விசா ஏன் மறுக்கப்பட்டது என்று உங்கள் தொகுதி எம்.பி.யிடம் கேளுங்கள்.