சாக்குமூட்டையில் ஒரு ஹெரால்டு: வாங்கலாமா?

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு வீட்டின் பின்பக்க ஷெட்டில் 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நான்கு கதவு வண்டி, பிரித்துப் போட்ட நிலையில் கிடக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் முழுதாகப் புதுப்பிக்க நினைத்த அந்த வீட்டுப் பெரியவர், ஒரு மெக்கானிக்கை வைத்துப் பிரித்தாராம். இப்போது பெரியவரும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. பாடி தனியாக, சேஸிஸ் (அடிச்சட்டம்) தனியாக, இன்ஜின் ஒரு மரப்பலகைமேல், மற்றதெல்லாம் சாக்குமூட்டைகளிலும் பிஸ்கட் டின்களிலும் இருக்கிறது. "எல்லாப் பாகமும் இருக்கிறது, பூட்டினால் ஓடும்" என்று மகன் சொல்கிறார். விலை 1,60,000 ரூபாய். ஆர்.சி. புத்தகம் அப்பா பெயரில் இருக்கிறது. நான் வங்கி ஊழியன், ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு ஓட்ட ஆசை. மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறார்.
— வாசகர், திருச்சி

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். வேறு விலைக்கு வாங்கலாமா என்பதைச் சொல்ல, நீங்கள் அந்த ஷெட்டில் ஒரு முழு நாள் உட்கார வேண்டியிருக்கும்.

"எல்லாப் பாகமும் இருக்கிறது" என்று மகன் சொல்வதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு அது தெரிய வழியே இல்லை என்பதுதான் சிக்கல். எது எங்கிருந்து கழன்றது, எது சாணை பிடிக்கவும் முலாம் பூசவும் வெளியே போய்த் திரும்பாமலே நின்றது, எது தேய்ந்துபோனதென்று காயலான் கடைக்குப் போனது என்பதெல்லாம் பிரித்தவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அவர் இல்லாதபோது நீங்கள் வாங்குவது காரை அல்ல, பட்டியல் இல்லாத உதிரிபாகக் குவியலை. பிரித்த வேலை முடிந்துவிட்டது, பூட்டுகிற வேலைதான் பாக்கி என்று விற்பவர்கள் அதையும் விலையில் சேர்ப்பார்கள். உண்மையில் அடுத்தவர் பிரித்துப் போட்டிருப்பது விலையைக் குறைக்க வேண்டிய காரணம். தானே பிரித்தவருக்கு இரண்டு மாத வேலை என்றால், அடுத்தவர் பிரித்ததைப் பூட்டுகிறவருக்கு அதைப் போலப் பல மடங்கு ஆகும். அதில் பெரும்பகுதி தேடுவதிலேயே போகும்.

பாகங்களைத் தொடுவதற்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள். சேஸிஸ் எண் பொறித்த தகடு பாடியில் ரிவெட் அடித்த இடத்திலேயே இருக்கிறதா, டின்னுக்குள் தனியாகக் கிடக்கிறதா? இன்ஜின் பிளாக்கில் குத்தியிருக்கும் எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா? இரண்டில் ஒன்று பொருந்தாவிட்டாலும் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். பொருந்தினால் அடுத்தது பெயர் மாற்றம். உரிமையாளர் இறந்திருப்பதால், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றோடு படிவம் 31 கொடுத்து வண்டி முதலில் மகன் பெயருக்கு வர வேண்டும். அதன் பிறகுதான் 29, 30 படிவங்களில் உங்கள் பெயருக்கு வரும். மகனுக்குச் சகோதரிகள் இருந்தால் அவர்களின் கையெழுத்தும் தேவை. இதைச் செய்ய வேண்டியவர் விற்பவர். "பணத்தைக் கொடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால், அந்தப் "பிறகு" உங்கள் தலையில்தான் விடியும்.

பழைய ஆர்.சி. புத்தகங்களில் பல, வாகன் என்ற கணினிப் பதிவில் ஏறாமலே இருக்கின்றன. புத்தகத்தின் நகலோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், அந்த எண்ணுக்குப் பழைய பதிவேட்டில் வரி விவரம் இருக்கிறதா, கணினியில் ஏற்ற முடியுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால் வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சாக்குமூட்டையை யாரும் ஆய்வு செய்ய மாட்டார்கள். அதாவது முழுப் பணத்தையும் செலவழித்து, வண்டியைப் பூட்டி, வர்ணம் அடித்த பிறகுதான் அதைச் சாலையில் ஓட்ட அனுமதி கிடைக்குமா என்பதே தெரியவரும். ஓடுகிற பழைய காருக்கும் பிரித்த பழைய காருக்கும் இடையில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய வித்தியாசம் இதுதான். விலை பேசும்போது யாரும் இதைப் பேசுவதில்லை.

"அதற்குத்தான் விண்டேஜ் பதிவு இருக்கிறதே" என்று யாராவது சொல்லலாம். 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த பிரிவு அது. 50 ஆண்டுகளைத் தாண்டிய, சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்குப் பொருந்தும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், அதன் பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். உங்கள் வண்டி வயதால் தகுதி பெறுகிறது. ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்காகத்தான் சாலையில் இறக்கலாம். அன்றாடப் பயன்பாடு கூடாது. ஞாயிறுதோறும் குடும்பத்தோடு முக்கொம்பு போய்வர நினைக்கிற உங்களுக்கு அது பொருந்தாது. உங்களுக்கு வேண்டியது சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பது. இன்னொன்று: இன்ஜின் கெட்டிருந்தால் மாருதி ஆம்னி இன்ஜினைப் பொருத்தித் தருகிறேன் என்று சொல்ல ஒரு மெக்கானிக் கட்டாயம் வருவார். அதற்குச் சம்மதித்தால் விண்டேஜ் தகுதியும் போகும், சாதாரணப் பதிவிலும் இன்ஜின் எண் மாற்றத்துக்கு அலைய வேண்டும்.

இனி வண்டி. ஹெரால்டு என்பதால் உங்களுக்கு ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் சேர்ந்தே கிடைக்கின்றன. இதன் மூல வண்டி 1959இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஹெரால்டு; இத்தாலியரான மிக்கலோட்டி வரைந்த வடிவம். சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை 1961 முதல் அதை இங்கே தயாரித்தது. அந்தக் காலத்தில் மற்ற சின்னக் கார்களில் பெரும்பாலானவை பாடியும் சேஸிஸும் ஒன்றாக வெல்டு செய்து வந்தபோது, ஹெரால்டில் சேஸிஸ் தனி, அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். ஆகவே வீட்டு ஷெட்டில் வைத்தே பிரிக்கலாம், பூட்டலாம். முன்பக்கம் பானட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். இன்ஜின் வேலைக்கு அவ்வளவு வசதியான கார் வேறு இல்லை. பிஸ்டன், பேரிங், கேஸ்கெட், பிரேக் சாமான் எல்லாம் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. தபால் செலவும் சுங்கவரியும் வலிக்கும், ஆனால் பொருள் வந்துசேரும்.

கெட்டது, நீங்கள் சொல்லும் நான்கு கதவுகள். மூல டிரையம்ஃப் ஹெரால்டு இரண்டு கதவு வண்டி. நான்கு கதவு ஹெரால்டு சென்னையில் மட்டும் உருவானது, 1968 மார்க் 3இலிருந்து. பின் கதவு, அதன் கண்ணாடி, கண்ணாடி ஏற்றி இறக்கும் கருவி, நடுத்தூண், பீடிங் (கதவைச் சுற்றி வரும் ரப்பர் பட்டை) எதையும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்க முடியாது. ஆலை மூடிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடலாம், கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆகவே மூட்டையை அவிழ்த்ததும் இன்ஜினைப் பார்க்காதீர்கள். நான்கு கதவுகள் இருக்கின்றனவா, பின் கதவுக் கண்ணாடிகள் முழுதாக இருக்கின்றனவா, அவற்றின் பூட்டும் கீலும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஒரு பின் கதவு இல்லை என்றால் இது கார் அல்ல, வேறு ஹெரால்டுக்காரருக்கு உதவும் சாமான். அப்படித்தான் விலை பேச வேண்டும்.

அடுத்தது சேஸிஸ். நடுச் சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளும் டிக்கிக்கு அடியில் போகும் பகுதியும் முதலில் துருப்பிடிக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சட்டம் முறுக்கியிருந்தால், அதன்மேல் எவ்வளவு நல்ல பாடியை வைத்தாலும் கதவுகள் சேர்ந்து மூடாது. பாடியை உட்கார வைத்து, ஷிம் என்ற மெல்லிய தகடுகளை இடையில் வைத்துக் கதவு இடைவெளியைச் சரிசெய்வதுதான் ஹெரால்டில் மிகப் பொறுமை கேட்கும் வேலை. பாடி பன்னிரண்டு ஆண்டுகளாகத் தரையில் எப்படிக் கிடந்தது என்பது இங்கே முக்கியம். சேஸிஸ்மேல் ஒருமுறை தற்காலிகமாக ஏற்றி வைத்துக் கதவுகளை மாட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். நான்கு பேர் சேர்ந்தால் அரை நாள் வேலை.

இன்ஜின் 948 சி.சி., நான்கு சிலிண்டர். சிலிண்டரில் துரு ஏறியிருக்கும், ரீபோர் (சிலிண்டரை உள்ளே குடைந்து சீராக்குவது) தேவைப்படும், கிராங்க் தண்டைத் தேய்க்க வேண்டியிருக்கும். பிளாக் விரிசல் விடாமல் இருந்தால் போதும். திருச்சியில் அதற்கு லேத்தும் ஆளும் இருக்கிறார்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியனை மட்டும் விடாமல் கழற்றிப் பாருங்கள். அதற்கு ஊற்ற வேண்டியது தடித்த கியர் ஆயில். நம் ஊரில் பெரும்பாலும் கிரீஸைத்தான் அடைப்பார்கள். அது மரைக்குள் சரியாகப் போகாது, துரு ஏறும், ஒருநாள் திருப்பத்தில் சக்கரம் மடங்கிக்கொள்ளும்.

ஒரு முழு நாள் என்று சொன்னது இதற்காகத்தான். டிரையம்ஃப் ஹெரால்டின் உதிரிபாக விளக்கப் புத்தகம் மறுபதிப்பில் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு, தார்ப்பாயில் பிரேக் ஒரு பக்கம், ஸ்டீயரிங் ஒரு பக்கம் என்று பரப்பி, இருப்பதையும் இல்லாததையும் எழுதுங்கள். படம் எடுங்கள். ஹெரால்டைக் கழற்றிப் பூட்டிய பழைய மெக்கானிக் ஒருவரை நாள்கூலி கொடுத்துக் கூட்டிப்போனால் நல்லது. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற சங்கங்களில் விசாரித்தால் ஆள் தெரியவரும். மூட்டையை அவிழ்க்கவே மகன் தயங்கினால் அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. இன்ஜின் செலவை எல்லோரும் கணக்கிடுவார்கள். கடைசியில் பணத்தைத் தின்பது டிங்கரிங், பட்டி, வர்ணம், குரோம் முலாம், சீட் தைப்பது, வயரிங். இந்த ஆறுக்கும் தனித்தனியாக விலை கேட்டு எழுதிக் கூட்டுங்கள். அதோடு இல்லாத பாகங்களின் விலையையும் சேருங்கள். ஓடுகிற நிலையில், வர்ணம் மங்கிய, ஆனால் காகிதம் சுத்தமான ஒரு ஹெரால்டு என்ன விலைக்குக் கிடைக்கிறதென்று விசாரித்து, அதிலிருந்து இந்தக் கூட்டுத்தொகையைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் மூட்டைக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய உச்ச விலை. பல நேரம் மிஞ்சுவது பூஜ்யமாகவே இருக்கும். உங்கள் விஷயத்தில் நான் அதைத்தான் எதிர்பார்க்கிறேன். ஸ்பேனர் பிடிப்பதே உங்களுக்குச் சுகம் என்றால் கணக்கு வேறு. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஓட்டும் ஆசையைத்தான். அப்படியானால் ஓடுகிற வண்டியையே தேடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவதாக இருந்தால், பாகப் பட்டியலோடு இருவரும் கையெழுத்திட்ட ரசீது எழுதுங்கள். பாதித் தொகையை வண்டி மகன் பெயருக்கு மாறிய பிறகு கொடுங்கள். எல்லாச் சாமானையும் ஒரே நடையில் ஏற்றிவிடுங்கள். "மச்சில் இன்னும் இரண்டு பெட்டி இருக்கிறது, அப்புறம் தருகிறேன்" என்றால் அந்தப் பெட்டிகள் வராது.

கேள்வி: என் ஃபியட் 1100ஐப் புதுப்பிக்க மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் விட்டேன். பேசிய தொகையில் பாதியை முன்பணமாகக் கொடுத்தேன். முழுவதும் பிரித்துவிட்டார்கள், வேலை நகரவில்லை. இப்போது இரண்டு மடங்கு கேட்கிறார்கள், இல்லையென்றால் வண்டியைத் தர மாட்டோம் என்கிறார்கள்.
— வாசகர், மதுரை

பதில்: திருச்சிக்காரரைவிட உங்கள் நிலை சட்டப்படி பலமானது. தனிநபர் தன் பழைய காரை விற்றதில் தகராறு என்றால் நுகர்வோர் ஆணையம் பொதுவாகத் தலையிடாது; உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டும். நீங்களோ பணம் கொடுத்துச் சேவை வாங்கியவர், ஆகவே நுகர்வோர். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமே இல்லை. ஆனால் பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு எந்த நாளிலிருந்து அது எண்ணப்படும் என்பதில் வாதம் வரக்கூடும், தள்ளிப்போடாதீர்கள். வேலை பார்த்தவர் கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்கலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு சொல்கிறது. பேசியபடி செய்துமுடித்த வேலைக்குத்தான் அந்த உரிமை. பிரித்துப் போட்டதை வைத்து இரட்டிப்புத் தொகை கேட்க அது உதவாது. ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி, எந்த வேலை முடிந்தது, எந்தப் பாகம் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். முன்பணம் கொடுத்ததற்கான வங்கிப் பதிவை எடுத்து வையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவுசெய்யலாம். வண்டி திரும்பும் நாளில் பட்டறைக்குள்ளேயே ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: பிரித்த பழைய புல்லட்டுக்கும் இதே எச்சரிக்கைதானா?
— வாசகர், வேலூர்

பதில்: பாகங்களில் இல்லை. புல்லட்டுக்கு ஏறக்குறைய எல்லாமே எல்லா ஊரிலும் கிடைக்கும். பூட்டத் தெரிந்தவரும் கிடைப்பார். காகிதத்தில் மட்டும் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. ஃபிரேம் எண்ணைத் தேய்த்து மறுபடி குத்தியிருக்கிறார்களா என்று வர்ணத்தைச் சுரண்டிப் பாருங்கள். ராணுவ ஏலத்தில் எடுத்தது என்று சொன்னால் ஏலக் காகிதத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள், நகல் போதாது.