பாடமாக்கிய தேவாரம் வருகிறது, குசினிக்கு எதற்கு வந்தேன் என்பது வரவில்லை

கேள்வி: எனக்கு 63 வயது. உப்புவெளியில் இருக்கிறேன், ஓய்வுபெற்ற ஆசிரியை. எட்டாம் வகுப்பில் பாடமாக்கிய தேவாரம் ஒரு சொல் பிசகாமல் வருகிறது. ஆனால் குசினி வாசலைத் தாண்டியதும் எதற்கு வந்தேன் என்பது போய்விடுகிறது. கனடாவிலிருந்து பேரன் வீடியோவில் கெதியாகக் கதைத்தால் பாதி விட்டுப்போகிறது. ‘அம்மாவுக்கு அறளை பெயரத் தொடங்கிவிட்டது’ என்று மகள் பகிடி விடுகிறாள். எனக்கு அது பகிடியாகப் படவில்லை. சீனி வருத்தத்துக்கு எட்டு வருடமாக மெட்போமின் போடுகிறேன். என் மூளை மெதுவாகிவிட்டதா டொக்டர்?

பதில்: டீச்சர், தேவாரம், குசினி, பேரன் மூன்றையும் ஒரு பந்திக்குள் இவ்வளவு வடிவாகக் கோத்து எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்து எனக்குப் பாதி ஆறுதல். மீதிப் பாதிக்குச் சில சோதனைகள் வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

‘மெதுவாகிவிட்டதா’ என்று கேட்டால், எந்த வேலையில் என்று நான் திருப்பிக் கேட்பேன். மூளைக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு நேரக்கணக்கு. ஒரு நரம்புக்கலம் ஒரு துடிப்பை விட்டு முடிக்க ஏறத்தாழ ஒரு மில்லி செக்கன், அதாவது செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். அதையும்விட நுணுக்கமான கணக்கு உண்டு. வீதியைக் கடக்கும்போது ஓட்டோக்காரர் ஹோன் அடித்தால், திரும்பிப் பார்க்காமலே சரியான பக்கம் ஒதுங்குகிறீர்கள் அல்லவா? அந்தச் சத்தம் ஒரு காதுக்கு வந்து மற்றக் காதுக்குப் போய்ச் சேரும் இடைவெளி, கூடிப்போனாலும் ஒரு மில்லி செக்கனைத் தொடாது. அதை ஒப்பிட்டுத் திசை சொல்லவென்றே மூளைத்தண்டில் கலங்கள் இருக்கின்றன.

இவ்வளவு கெதியான கலங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வசனத்தை விளங்கிக்கொள்ள முடியாது. நம்முடைய தமிழையே எடுங்கள். ‘உன்னை இந்த வருடம் கோணேசர் கோயில் தேருக்குக் கூட்டிக்கொண்டு போக’ என்பது வரைக்கும் கேட்ட பிள்ளை, வாய் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அடுத்து ‘வேண்டும்’ வருமா, ‘மாட்டேன்’ வருமா என்பது கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. முன்னால் வந்த சொற்களை மூளையின் எங்கோ ஓர் இடம் அதுவரை கையில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ‘உன்னை’ என்ற ஒலியை மூளையின் காதுப்பகுதி, அதாவது ஒலியைக் கையாளும் பகுதி, கேட்டு விட்டுவிடும். பிடித்து வைத்திருப்பது வேறு பகுதி.

இதை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஊரி ஹாசனின் குழு 2011 இல் அழகாகக் காட்டியது. ஒரு கதையை நேராகவும், பந்திகளைக் கலைத்தும், வசனங்களைக் கலைத்தும், சொற்களையே கலைத்தும் ஆட்களுக்குப் போட்டுக் காட்டி, மூளையை ஸ்கேன் செய்தார்கள். சொற்களைக் கலைத்தாலும் காதுப்பகுதி பொருட்படுத்தவில்லை, கேட்ட எல்லோரிடமும் ஒரே மாதிரி வேலை செய்தது. அதைத் தாண்டிய பகுதிகளுக்கு வசனமாவது ஒழுங்காக வரவேண்டும். இன்னும் உள்ளே போனால், பந்தி பந்தியாகக் கதை வந்தால்தான் ஒரே மாதிரி இயங்கும் பகுதிகள். காது சொல்லைப் பார்க்கிறது, உள்ளே இருப்பவர் கதையைப் பார்க்கிறார். குரங்குகளின் தனித்தனிக் கலங்களிலும் இதே ஒழுங்குதான்: முன் நெற்றிப் பகுதிக் கலங்களின் துடிப்பில், சற்றுமுன் நடந்ததன் சாயல் உணர்வுப் பகுதிக் கலங்களில் இருப்பதைவிடக் கூடிய நேரம் தங்கியிருக்கிறது.

சரி, குசினிக்கு வருவோம். ‘சீரகம் எடுக்க வேண்டும்’ என்ற எண்ணம் எங்கேயும் நிரந்தரமாக எழுதி வைக்கப்படுவதில்லை. முன் நெற்றிப் பகுதியில் ஒரு கூட்டம் கலங்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்பிக்கொண்டு துடித்தபடி இருப்பதால்தான் அது பெரும்பாலும் மனதில் நிற்கிறது. ஒரு கலத்திலிருந்து மற்றதுக்குச் செய்தி கொண்டுபோவது குளுட்டமேட் என்ற இரசாயனம். அதை வாங்கும் கதவுகளில் ஒரு வகை சில மில்லி செக்கனில் மூடிவிடும். என்எம்டிஏ என்ற இன்னொரு வகை நூறு மில்லி செக்கன் அளவுக்குத் திறந்தே நிற்கும். அந்தச் சுணக்கம், துடிப்பு அணையாமல் சுற்றி வர உதவுகிறது. வாசலில் போன் அடித்தால் அந்தக் கூட்டம் போனுக்குப் போய்விடும், சீரகம் அவ்வளவுதான். விறாந்தைக்குத் திரும்பி, முன்பு நின்ற இடத்திலேயே நின்று பாருங்கள், அந்த இடமே நினைவூட்டிப் பல தடவை வந்துவிடும்.

இது 63 வயதுக்காரரின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 1959 இல் அமெரிக்காவில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு மூன்றே மூன்று எழுத்துகளைச் சொல்லி, உடனே எண்களை மூன்று மூன்றாகப் பின்னோக்கி எண்ண விட்டார்கள். 18 செக்கன் கழித்துக் கேட்டபோது, பத்தில் ஒரு தடவை அளவில்தான் சரியாக வந்தது. மருந்துச் சீட்டில் பேனாவை வைத்தபடி, தாதி ஏதோ கேட்டதும், என்ன எழுத வந்தேன் என்று நோயாளியிடமே கேட்டவன் நான்.

தேவாரம் வேறு கணக்கு. திரும்பத் திரும்பப் படித்ததில் கலங்களுக்கு இடையிலுள்ள இணைப்புகளே மாறிவிட்டன. அதற்குப் புதுப் புரதம் வேண்டும், நித்திரை வேண்டும், மணித்தியாலங்களும் நாட்களும் வேண்டும். ஒருமுறை அப்படிப் பதிந்ததைப் போன் அடித்துக் கலைக்க முடியாது. 1953 இல் வலிப்புக்காக, புது நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகம்பஸ் என்ற மூளைப்பகுதியின் பெரும் பகுதியை இரு பக்கமும் வெட்டி எடுத்த ஹென்றி மொலைசன் என்பவருக்கு இளவயது நினைவுகள் இருந்தன. ஓர் எண்ணைச் சொல்லிச் சொல்லி மனதில் வைத்திருக்கவும் முடிந்தது. கவனம் சிதறினால் எண்ணும் போய்விடும், எண் சொன்னார்கள் என்பதும் போய்விடும். அவருக்கு உடைந்தது, இந்த நிமிடத்தை நாளைக்குக் கொண்டுபோகும் பாலம். நான் உங்களிடம் தேடுவதும் அந்தப் பாலத்தைத்தான். நேற்றுப் பேரன் என்ன கதைத்தான் என்று இன்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் குசினி மறதிக்காக நித்திரையைக் கெடுக்க வேண்டாம்.

பேரனின் கதை பாதி விட்டுப்போவதில் வயதுக்குப் பங்கு உண்டு. வயதாக ஆக, வருவதைக் கையாளும் வேகம் குறையத்தான் செய்கிறது. ஆனால் முதலில் காதைச் சோதிக்க வேண்டும். ஒலி தெளிவில்லாமல் வந்தால், சொல்லைக் கண்டுபிடிக்கவே மூளை மினக்கெடும், அதற்குள் வசனம் ஓடிவிடும். அவனை ஆறுதலாகக் கதைக்கச் சொல்லுங்கள், அப்புறம் பாருங்கள்.

மெட்போமின் பல வருடம் போட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அது மறதியைக் கூட்டும். அடுத்த கிளினிக்கில் பி12, தைரொயிட், சீனி, பிரஷர் நான்கையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மெட்போமினை நீங்களாக நிறுத்த வேண்டாம். தும்மலுக்கும் தோல் அரிப்புக்கும் போடும், நித்திரை தூக்கும் குளிசைகளும் இந்த வயதில் மூளையை மந்தமாக்கும். வீட்டில் இருக்கும் குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

மகளிடம் ஒரு விஷயம் சொல்லி வையுங்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, தெரிந்த ஒழுங்கையில் வழி தடுமாறுவது, காசுக் கணக்குப் பிழைப்பது ஆகியவற்றை நீங்கள் கவனிக்கமாட்டீர்கள், அவர்தான் கவனிப்பார். கண்டால் சுணங்காமல் கூட்டி வரட்டும். திடீரென்று வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால், கிளினிக் நாள் பார்க்காமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.