கடன் வாங்கி கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், அவனுக்குத் தொழிற்சாலைதான் பிடித்திருக்கிறது

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. மகன் உற்பத்திப் பொறியியல் கேட்கிறான், பெரியப்பாவும் மாமாவும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். அதற்காக வீட்டை அடகு வைக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். பிள்ளைக்கு மனமில்லாத படிப்புக்குக் கடன் வாங்குவது வீண்.

உற்பத்திப் பொறியியலில் அவனுக்குப் பிடித்ததாகச் சொல்லும் லீன் உற்பத்தி, டொயோட்டா கார் கம்பெனியில் தைச்சி ஓனோ வளர்த்தெடுத்த முறை. தேவைக்கு மேல் செய்வது, தேங்கிக் கிடக்கும் சரக்கு, பழுது என்று 7 வகை வீணடிப்பைத் தேடிக் குறைப்பார்கள். ஒரு பாகம் ஸ்கிராப்புக்குப் போனால் அதை உருக்க, கடைய, கழுவச் செலவான மின்சாரமும் தண்ணீரும் கூடவே போகிறது, அதனால் பழுது குறைந்தால் மாசும் குறையும்.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நடக்காது, இவனுக்கான வேலையே அங்கேதான் இருக்கிறது. தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும் பகுதியான பெயின்ட் ஷாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாக் தேங்கக் கூடாது என்று சின்னச் சின்ன பேட்ச்சாக நிறத்தை மாற்றி மாற்றி அடித்தால், ஒவ்வொரு தடவையும் ஸ்ப்ரே கன்னையும் குழாயையும் தின்னர் விட்டுக் கழுவ வேண்டும், அதில் ஒரு பகுதி ஆவியாகிக் காற்றில் கலக்கும், மீதி அபாயக் கழிவு. ஒரே நிறத்தை அடுத்தடுத்து ஓட்டினால் கழுவுவது குறையும், ஆனால் ஸ்டாக் கொஞ்சம் ஏறும். உதிரிபாகங்களை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வரவழைத்தாலும் இதே சிக்கல்தான், லாரி பாதி காலியாக ஓடும். எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று கணக்குப் போட்டுச் சொல்ல, உற்பத்தியும் சுற்றுச்சூழலும் இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும். இன்னொரு வீணடிப்பும் உண்டு: பராமரிப்பு சரியில்லாத ஆலைகளில் கம்ப்ரசர் அழுத்தித் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவிலேயே போய்விடும், மெஷின்களை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தால் உஸ்ஸென்று கேட்கும். நல்ல லீன் பொறியாளர் ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரத்தோடு மின்சாரம், தண்ணீர், கழிவையும் வரைபடத்தில் குறித்துவைப்பார்.

படிக்கும்போது புள்ளியியலை விட வேண்டாம், சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14001, ஆற்றல் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 50001 என்ற தர நெறிகள் இரண்டும் தெரிந்திருக்கட்டும். பழுதைப் புள்ளியியல் வழியாகக் குறைக்கும் சிக்ஸ் சிக்மா முறையின் சான்றிதழுக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள், உற்பத்தி நடக்கும் ஷாப் ஃப்ளோரில் உருப்படியாக ஒரு புராஜெக்ட் செய்தாலே போதும். ஷிப்ட் இருக்கும், சத்தம் இருக்கும், ஆரம்பச் சம்பளம் சாஃப்ட்வேரைவிடக் குறைவாகவும் இருக்கலாம். இதையெல்லாம் அவனிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், சீட் முடிவாகும் முன் தெரிந்தவர் யாரிடமாவது பேசி அவனை ஒரு வாரம் தொழிற்சாலையில் நிற்கவிடுங்கள். திரும்பி வந்து பிடிக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், வேறு பார்க்கலாம். பிடித்திருக்கிறது என்றால் மாமாவிடம் நீங்களே பேசிவிடுங்கள்.