கணினிக் கேள்வி–பதில்: பிஎச்பி-யில் இந்திய நேரம்

கேள்வி: எங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்காகப் பிஎச்பி என்ற நிரல்மொழியில் கொள்முதல் பதிவேடு ஒன்றை எழுதியுள்ளேன். வாடகை சர்வரில் ஏற்றிய பிறகு, காலை 5 மணிக்கு ஊற்றிய பால் முந்தைய நாள் இரவு 11.30 எனப் பதிவானது. இப்போது ஒவ்வொரு நேரத்துடனும் 19,800 வினாடிகளைக் கூட்டிச் சமாளிக்கிறேன். இது சரியா?
– வாசகர், சங்ககிரி

பதில்: சரியல்ல. நேர மண்டலத்தை நாம் குறிப்பிடாவிட்டால் பிஎச்பி யுடிசி என்ற உலகப் பொது நேரத்தையே எடுத்துக்கொள்ளும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது என்பதால்தான் அதிகாலைப் பால் முந்தைய நாள் கணக்கில் விழுந்தது. ஆனால் நடப்பு நேரத்தைக் கேட்கும் டைம்() என்ற செயற்கூறு (ஃபங்ஷன்) தரும் எண், 1970 ஜனவரி 1 யுடிசி நள்ளிரவிலிருந்து கடந்த வினாடிகளின் எண்ணிக்கை. அதற்கும் எந்த நாட்டு மண்டலத்துக்கும் தொடர்பில்லை. அதில் 19,800-ஐக் கூட்டினால் திரையில் நேரம் சரியாகத் தெரியுமே தவிர, அந்த எண் குறிப்பது இன்னும் வராத ஒரு கணத்தை. நாளை சர்வரை நிர்வகிப்பவர் மண்டலத்தைச் சரிசெய்தால், உங்கள் பதிவேடு ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடும்.

அந்தக் கூட்டலை நீக்கிவிட்டு, எல்லாப் பக்கங்களும் முதலில் அழைக்கும் கோப்பின் தொடக்கத்தில் டேட்_டிஃபால்ட்_டைம்சோன்_செட்('ஏசியா/கொல்கத்தா') என்ற ஒரே வரியை ஆங்கில எழுத்துகளில் இடுங்கள். சென்னைக்குத் தனிப் பெயர் கிடையாது. இந்தியா முழுவதற்கும் கொல்கத்தாதான். '+05:30' என்று எழுதினால் இந்தச் செயற்கூறு ஏற்காது. இந்திய நேரத்தைக் குறிக்கும் ஐஎஸ்டி என்ற சுருக்கத்தை இஸ்ரேலும் அயர்லாந்தும்கூடப் பயன்படுத்துவதால் அதையும் நம்ப வேண்டாம். நகரப் பெயருக்குள் பழைய மாற்றங்களும் அடங்கியிருக்கின்றன: இலங்கை 1996-இல் கடிகாரத்தை முன்தள்ளி, 2006-இல்தான் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது; 'ஏசியா/கொழும்பு' என்று கொடுத்தால் இடைப்பட்ட ஆண்டுகளின் தேதிகளும் சரியாக வரும்.

பிஎச்பி-யின் அமைப்புகள் அடங்கிய பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பில் டேட்.டைம்சோன் என்ற இடத்திலும் இதே பெயரை அமைக்கலாம். ஆனால் இரவில் தானாக ஓடும் கிரான் பணிகள் பல சர்வர்களில் வேறொரு ஐஎன்ஐ கோப்பைப் படிப்பதால், நிரலிலேயே எழுதிவிடுவது பாதுகாப்பானது என்பது என் கருத்து.

பலர் கோட்டைவிடும் இடம் தரவுத்தளம். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளுக்குத் தனி நேர மண்டலம் உண்டு. பிஎச்பி-யில் செய்த மாற்றம் நடப்பு நேரத்தைத் தரும் அதன் நவ்() செயற்கூற்றைத் தொடாது. ஆகவே இணைப்பு ஏற்பட்டவுடன் செட் டைம்_சோன் = '+05:30' என்ற கட்டளையை அனுப்புங்கள். இங்கே நகரப் பெயர் வேண்டுமானால் மண்டல அட்டவணைகளை முன்கூட்டியே ஏற்றியிருக்க வேண்டும்; வாடகை சர்வரில் அது நம் கையில் இருப்பதில்லை.

பழைய பதிவுகளைத் திருத்துமுன், அட்டவணையில் நேரத்தைச் சேமிக்கும் நெடுவரிசையின் வகையைப் பாருங்கள். டேட்டைம் என்றால், எழுதியது அப்படியே கிடக்கும்: 19,800 கூட்டிய பதிவுகளைத் தொட வேண்டாம், அதற்கு முந்தையவற்றுக்கு மட்டும் ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். டைம்ஸ்டாம்ப் என்றால் நிலைமை தலைகீழ்: அது யுடிசியில் சேமித்து, காட்டும்போது இணைப்பின் மண்டலத்துக்கு மாற்றும் வகை. மைஎஸ்க்யூஎல்லும் இதுவரை யுடிசியில் இருந்திருந்தால், தொடக்ககாலப் பதிவுகள் தாமாகவே சரியாகிவிடும். நீங்கள் கூட்டி எழுதியவற்றிலிருந்துதான் ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். எதுவானாலும், அட்டவணைக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, அடுத்த பால் பட்டுவாடாவுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.